சாஃப்ட்வேர் ரெய்டு: கணக்கில் வரும் வேகம் கையில் ஏன் வருவதில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தனி அட்டை எதுவும் இல்லாமல், பல வட்டுகளை இயங்குதளமே சேர்த்து ஒற்றை வட்டாகக் காட்டும் ஏற்பாட்டைத்தான் இங்கே சாஃப்ட்வேர் ரெய்டு என்கிறேன். (ரெய்டு என்றதும் அதிகாரிகளின் திடீர்ச் சோதனை நினைவுக்கு வந்தவர்கள் மன்னிக்கவும், இது வேறு.) எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் எம்டியிலிருந்து, அதாவது லினக்ஸிலேயே உள்ள சாஃப்ட்வேர் ரெய்டு அமைப்பிலிருந்து, வருகின்றன. மற்ற இயங்குதளங்களில் பெயர்கள் மாறும், காரணங்கள் அதிகம் மாறுவதில்லை.

ஒரு வட்டு விநாடிக்கு 200 மெகாபைட் தருகிறது. நான்கைச் சேர்த்தால் 800 வர வேண்டாமா?

நான்கும் ஒரே நேரத்தில், இடைவிடாமல், உங்களுக்காக மட்டுமே உழைத்தால் வரும். பெருக்கல் கணக்கு வெளியே சொல்லாத நிபந்தனை இது. வேகம் குறைந்த எந்தத் தொகுப்பைக் கவனித்தாலும் ஏதோ ஒரு வட்டு சும்மா நிற்பது தெரியும். ஒன்று, பக்கத்து வட்டு முடிக்கட்டும் என்று காத்திருக்கும். இல்லையென்றால், அடுத்த வேலை மேலேயிருந்து வந்து சேரவில்லை. அதனால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இப்போது யார் யாருக்காகக் காத்திருக்கிறார்?

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. ரெய்டு என்ற பெயரைப் பரவச் செய்த 1988ஆம் ஆண்டுக் கட்டுரையில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் இதற்கென்றே தங்கள் சூத்திரங்களில் 'எஸ்' என்று ஒரு தேக்கக் காரணியைச் சேர்த்திருந்தார்கள். அதன் மதிப்பு 1 முதல் 2 வரை. பல வட்டுகள் சேர்ந்து ஒரு வேலையை முடிக்க வேண்டும் என்றால், கடைசியாக முடிக்கும் வட்டுதான் நேரத்தைத் தீர்மானிக்கிறது என்பதே அதன் பொருள். சாஃப்ட்வேர் ரெய்டை விளக்கும் பக்கங்கள் பலவும் பெருக்கலை எடுத்துக்கொண்டு 'எஸ்'ஸை விட்டுவிட்டன.

எண்களில் பார்க்கலாம். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றை முடிக்க 8.33 மில்லி விநாடி ஆகும். வேண்டிய இடம் தலைக்கு (படித்து எழுதும் முனைக்கு) அடியில் வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.17 மில்லி விநாடி. நான்கு வட்டுகளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் சுழல்கின்றன. நான்கிலும் வேண்டிய இடம் வரும்வரை காத்திருந்தால் சராசரி ஐந்தில் நான்கு சுற்றாகிவிடும், 6.67 மில்லி விநாடி. வட்டுகளில் எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் காத்திருப்பு ஒன்றரை மடங்குக்கு மேல். நீளமான ஒரே கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது இது கண்ணில் படாது. சிறு சிறு வேலைகள் எல்லா வட்டுகளையும் தொடும்போது நன்றாகவே படும்.

எதை மேல்வரம்பு என்று வைத்துக்கொள்வது?

ஒரு வட்டின் வேகத்தைப்போல் எத்தனை மடங்கு என்று சொல்கிறேன். ரெய்டு 0 (தரவைப் பிரித்து எல்லா வட்டுகளிலும் பரப்புவது): வட்டுகளின் எண்ணிக்கை அளவு. ரெய்டு 5 (அதோடு, ஒரு வட்டு செத்தாலும் தரவை மீட்க உதவும் பாரிட்டி என்ற கூடுதல் தரவையும் வைப்பது): எண்ணிக்கையில் ஒன்று கழித்தது. ரெய்டு 6 (இரண்டு பாரிட்டி): இரண்டு கழித்தது. ரெய்டு 1 (ஒவ்வொரு வட்டிலும் அதே தரவின் பிரதி): எழுதுவதற்கு ஒரே வட்டின் வேகம். ரெய்டு 10 (பிரதியும் பரப்பலும் சேர்ந்தது): எழுதுவதற்கு எண்ணிக்கையில் பாதி. எல்லாம் தொடர்ச்சியான, பெரிய வேலைகளுக்கு மட்டும்.

ரெய்டு 5இல் படிக்கும்போது பாரிட்டி தேவையில்லையே, எல்லா வட்டுகளின் வேகமும் முழுதாக வர வேண்டாமா என்று சிலர் கேட்பதுண்டு. பாரிட்டி எல்லா வட்டுகளிலும் தூவப்பட்டிருக்கிறது. அதைப் படிக்காவிட்டாலும் தட்டு சுழன்று அந்த இடத்தைக் கடந்தாக வேண்டும். கடக்கும் நேரத்துக்குச் சம்பளம் இல்லை.

புதிதாக இருந்தபோது வேகமாக இருந்தது, நிரம்ப நிரம்ப மெதுவாகிறதே?

ஹார்ட் டிஸ்க் என்றால் அது இயல்பு. தட்டின் வெளி விளிம்பில் ஒரு சுற்றில் அதிகத் தரவு அடங்கும், உள்ளே குறைவு. சுழற்சி வேகம் ஒன்றே என்பதால் உள்பகுதியில் வேகம் வெளிப்பகுதியின் பாதியளவுக்கு இறங்கிவிடும். வட்டின் தொடக்கம் வெளி விளிம்பில் இருக்கிறது; உறையில் அச்சிட்ட வேகமும் அந்த விளிம்பில் அளந்ததுதான்.

பாரிட்டி கணக்குப் போடுவதில் ப்ராசஸர் திணறுகிறதா?

பெரும்பாலும் இல்லை. இந்தப் பழி பல ஆண்டுகளாக ப்ராசஸர் மேல் விழுந்துகொண்டிருக்கிறது. லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தொடங்கும்போதே பல கணக்கிடும் முறைகளை ஓட்டிப் பார்த்து, வேகமானதைத் தேர்ந்தெடுத்து, அந்த வேகத்தைத் தொடக்கப் பதிவில் எழுதிவைக்கிறது. உங்கள் கணினியின் பதிவில் 'ரெய்டு6' என்று தேடிப் பாருங்கள். இன்றைய ப்ராசஸர்களில் அது விநாடிக்குப் பல ஆயிரம் மெகாபைட் காட்டும். சுழலும் வட்டுகள் நான்கு சேர்ந்தாலும் அதன் அருகில் வராது.

ஒரு திருத்தம் மட்டும். கணக்கு எளிது என்றாலும், அந்த வேலையை இயல்பாக ஒரே ஓர் இழைதான் (த்ரெட்) நடத்துகிறது. வேகமான எஸ்எஸ்டிகளில் (தட்டு சுழலாத வட்டுகளில்) அந்த ஒற்றை இழை ஒரு கோரை, அதாவது ப்ராசஸரில் தனியாக வேலை செய்யும் ஒரு பகுதியை, முழுவதும் பிடித்துக்கொண்டு, மற்ற கோர்கள் வேடிக்கை பார்க்கும். மொத்தப் பயன்பாடு 10 சதவீதம் என்று பார்த்து ஏமாறாமல், கோர் வாரியாகப் பாருங்கள். 'குரூப் த்ரெட் கவுன்ட்' என்ற அமைப்பு தொடக்கத்தில் பூஜ்யமாக இருக்கும். அதை 2 அல்லது 4 ஆக்கினால் வேலை பகிரப்படும். ஹார்ட் டிஸ்க் தொகுப்புக்கு இதைச் செய்து பயனில்லை.

ரெய்டு 5இல் படிப்பது பறக்கிறது, எழுதுவது ஊர்கிறது. ஏன்?

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுவாகத்தான் இருக்கும், எனவே கொஞ்சம் பொறுமையாக.

ஒரு வட்டில் தொடர்ச்சியாக எழுதப்படும் அளவைத் 'துண்டு' என்போம். எல்லா வட்டுகளிலும் ஒரே உயரத்தில் இருக்கும் துண்டுகள் சேர்ந்து ஒரு 'பட்டை'. ஐந்து வட்டுகள், 512 கிலோபைட் துண்டு என்றால் ஒரு பட்டையில் தரவு 2 மெகாபைட், பாரிட்டி அரை மெகாபைட். முழுப் பட்டையும் ஒரே மூச்சில் வந்தால் பாரிட்டியை நினைவகத்திலேயே கணக்கிட்டு ஐந்து வட்டுகளிலும் எழுதிவிடலாம். வட்டிலிருந்து எதையும் படிக்க வேண்டாம். பெருக்கல் கணக்கு கற்பனை செய்வது இந்த நல்ல நாளைத்தான்.

நடப்பில் 4 கிலோபைட்டை மட்டும் மாற்றச் சொல்லி ஒரு கட்டளை வருகிறது. அப்போது பழைய தரவைப் படிக்க வேண்டும், பழைய பாரிட்டியைப் படிக்க வேண்டும், புதிய தரவை எழுத வேண்டும், புதிய பாரிட்டியை எழுத வேண்டும். ஒரு வேலை நான்காகிறது. ரெய்டு 6இல் ஆறாகிறது. இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. படித்து முடித்த கணத்தில் அந்த இடம் தலையைக் கடந்து போயிருக்கும். அதே இடத்தில் எழுத ஏறக்குறைய முழுச் சுற்றும் காத்திருக்க வேண்டும். 8 மில்லி விநாடி, தரவே நகராமல்.

பெரிய கோப்பை எழுதும்போதும் இது நடக்குமா? நடக்கும், அதுதான் பலரைக் குழப்புகிறது. பட்டை முழுவதும் வந்து சேரும்வரை எம்டி அதை ஒரு கேஷில், அதாவது நினைவகத்தில் உள்ள தற்காலிக இடத்தில், சேர்த்துவைக்கிறது. 'ஸ்ட்ரைப் கேஷ் சைஸ்' எனப்படும் அதன் தொடக்க மதிப்பு 256 பதிவுகள். ஒரு பதிவு என்பது வட்டுக்கு 4 கிலோபைட். ஆக, ஒவ்வொரு வட்டிலும் 1 மெகாபைட் ஆழம், வெறும் இரண்டு துண்டுகள். நாலைந்து நிரல்கள் ஒரே நேரத்தில் எழுதினால் பட்டைகள் நிரம்பும் முன்பே இடம் தீர்ந்துபோய், அரைகுறைப் பட்டைகளை வட்டுக்கு அனுப்ப வேண்டிவருகிறது. அரைகுறை என்றாலே மேலே சொன்ன படி-படி-எழுது-எழுது. புதிய கர்னல்கள் தேவைப்பட்டால் கேஷைத் தாமே வளர்த்துக்கொள்கின்றன. இருந்தாலும் 4096 அல்லது 8192 என்று கையால் வைத்துப் பார்ப்பது நான் முதலில் செய்யும் காரியம். ஐந்து வட்டுகளுக்கு 4096 என்றால் 80 மெகாபைட் நினைவகம் போகும். இன்றைக்கு அது பெரிய விலை அல்ல.

நடப்பதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி: எழுதிக்கொண்டிருக்கும்போது, வட்டு வாரியாகப் படிப்பையும் எழுத்தையும் காட்டும் ஐஓஸ்டாட் நிரலை ஓட்டுங்கள். நீங்கள் எழுத மட்டுமே செய்கிறீர்கள், ஆனால் வட்டுகளில் படிப்பு எண்ணும் ஏறுகிறது என்றால் பட்டைகள் நிரம்பாமல் போகின்றன.

துண்டு அளவைச் சிறிதாக்கலாமா, பெரிதாக்கலாமா?

சிறிய துண்டு என்றால் பட்டை எளிதில் நிரம்பும், ஆனால் ஒரு சிறு படிப்புக்கே பல வட்டுகள் கையைக் காலை நீட்ட வேண்டும். பெரிய துண்டு என்றால் ஒவ்வொரு சிறு வேலையும் ஒரே வட்டோடு முடியும். மற்றவை வேறு வேலை பார்க்கலாம். எம்டியில் வழக்கமான 512 கிலோபைட் பெரும்பாலோருக்குப் போதும். இதை மாற்றிப் பெறும் பலன், மாற்றுவதற்கு ஆகும் நேரத்துக்கு ஈடாவதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். தொகுப்பை உருவாக்கும் நாளில் யோசியுங்கள், அப்புறம் விட்டுவிடுங்கள்.

ரெய்டு 0, நான்கு வட்டுகள். ஆனால் படிக்கும் வேகம் ஒன்றரை வட்டுக்குத்தான் வருகிறது.

முன்படிப்பு அளவைப் பாருங்கள். ஒரு நிரல் கோப்பை வரிசையாகப் படிக்கும்போது, கர்னல் அடுத்து வரப்போவதை முன்கூட்டியே எடுத்துவைக்கிறது. சாதாரண வட்டுக்கு இந்த அளவு 128 கிலோபைட். உங்கள் துண்டு 512 கிலோபைட் என்றால், முன்படிப்பு ஒரு வட்டின் எல்லையைத் தாண்டவே தாண்டாது. ஒரு வட்டு ஓடும், மூன்று உட்கார்ந்திருக்கும், பிறகு அடுத்ததன் முறை வரும்.

எம்டி தன் தொகுப்புக்கு இதைத் தானாகவே உயர்த்திவைக்கிறது, பட்டையின் இரண்டு மடங்குக்கு. அதன் மேல் குறியாக்கம், எல்விஎம் (வட்டு இடத்தைப் பங்கிடும் அமைப்பு) போன்ற அடுக்குகளை ஏற்றும்போது சில அமைப்புகளில் மேலடுக்கு மட்டும் பழைய 128க்குத் திரும்பிவிடும். நிரல் பேசுவது மேலடுக்கோடுதான். எனவே 'பிளாக்டெவ்' கட்டளையால் அளவைப் பார்க்கும்போது எம்டியை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாமல், மேலே உள்ள அடுக்கையும் பாருங்கள்.

ரெய்டு 1இல் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. படிப்பது இரு மடங்கு ஆக வேண்டாமா?

இரண்டு பேர் தனித்தனியாகப் படித்தால் ஆகும். ஒருவர் ஒரே கோப்பைத் தொடர்ந்து படித்தால் எம்டி ஒரே வட்டிலிருந்துதான் எடுத்துக்கொடுக்கும். அதில் நியாயம் இருக்கிறது: ஒற்றைப்படைத் துண்டுகளை ஒன்றிலும் இரட்டைப்படையை மற்றொன்றிலும் படித்தால், இரண்டு வட்டுகளும் படிக்காத பாதியைக் கடந்துதான் போக வேண்டும். சம்பளமில்லாத அதே பயணம். ஒற்றை ஓட்டத்துக்கு இரட்டை வேகம் வேண்டுமென்றால், ரெய்டு 10இல் 'ஃபார்' என்ற அமைப்பு உண்டு. இரண்டே வட்டுகளிலும் அமைக்கலாம். பிரதியை வட்டின் மறுபாதியில் வைப்பதால் படிப்பு ரெய்டு 0 போல ஓடும். எழுதும்போது தலை முன்னும் பின்னும் ஓட வேண்டிவரும்.

எல்லா அமைப்பும் சரி, ஆனாலும் வேகம் இல்லை.

ஒரு வட்டு நொண்டுகிறதா என்று பாருங்கள். நான்கு பேர் ஒரு கட்டிலைத் தூக்கிப் போனால், கால் வலிக்கிறவர் நடக்கும் வேகம்தான் கட்டிலின் வேகம். எனக்கு நேர்ந்த கதை: ஆறு வட்டுத் தொகுப்பு ஒன்றின் வேகம் திடீரென மூன்றில் ஒன்றாகிவிட்டது. மூன்று இரவுகள் கேஷ், முன்படிப்பு, கோப்பு முறைமை என்று எல்லாவற்றையும் திருகினேன். நான்காம் நாள் ஐஓஸ்டாட்டில் ஒவ்வொரு வட்டின் காத்திருப்பு நேரத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஐந்து வட்டுகளில் 10 மில்லி விநாடிக்குள், ஆறாவதில் 140. எந்தப் பிழைச் செய்தியும் கிடையாது. அந்த வட்டு மோசமான பகுதிகளைத் திரும்பத் திரும்பப் படித்து, கடைசியில் வெற்றியும் பெற்றுக்கொண்டிருந்தது. நன்றாக உழைக்கும் நோயாளி. ஐந்து நிமிட வேலையை மூன்று இரவு கழித்துச் செய்தேன் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

இதோடு சேர்ந்த இரண்டு விஷயங்கள். வீட்டு உபயோகத்துக்கான வட்டுகள் படிக்க முடியாத இடத்தில் நீண்ட நேரம் முயன்றுகொண்டே இருக்கும். லினக்ஸ் 30 விநாடி பொறுத்துவிட்டு அந்த வட்டையே மீட்டமைக்கத் தொடங்கும். ரெய்டுக்கென்று வரும் வட்டுகள் வழக்கமாக 7 விநாடியில் கைவிட்டுவிடும், மீதியைத் தொகுப்பு பார்த்துக்கொள்ளும். மற்றொன்று, எஸ்எம்ஆர் வகை வட்டுகள். இவற்றில் தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒரு தடத்தை மாற்ற அருகிலுள்ள தடங்களையும் திருப்பி எழுத வேண்டும். சிறிது நேரம் வேகமாக எழுதும், உள்ளே இருக்கும் தற்காலிக இடம் நிரம்பியதும் படுத்துவிடும். பாரிட்டித் தொகுப்பில் இவற்றைப் போடாதீர்கள்.

வட்டுகள் நல்லவை. வழி குறுகலாக இருக்குமா?

இருக்கும். வட்டுகளைச் செருக நான்கு சாட்டா வாய்கள் கொண்ட மலிவான விரிவாக்க அட்டைகள் பல, ஒற்றைத் தட பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பில் (அட்டையைக் கணினியோடு சேர்க்கும் வழி) அமர்கின்றன. இரண்டாம் தலைமுறை என்றால் அதன் உச்சம் விநாடிக்கு 500 மெகாபைட், அதிலும் நடைமுறையில் குறைவு. நான்கு வட்டுகளும் தனித்தனியே 250 தரும், சேர்ந்து ஓடினால் வட்டுக்கு நூற்றுச் சொச்சம். சோதிப்பது எளிது: ஒவ்வொரு வட்டையும் தனியாக அளங்கள், பிறகு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், ரெய்டைத் தொடாமல், நேரடியாகப் படித்து அளங்கள். இரண்டாவது கூட்டுத்தொகை குறைந்தால் ரெய்டு மேல் எந்தக் குற்றமும் இல்லை.

வலைப்பின்னல் வழியாக அளப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிகாபிட் இணைப்பின் உச்சம் 125 மெகாபைட். அதை நிரப்ப ஒற்றை வட்டே போதும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மெதுவாகிறது. மாயமா?

மாதத்தின் முதல் ஞாயிறா என்று பாருங்கள். டெபியன் என்ற லினக்ஸ் வகையின் வழியில் வந்த அமைப்புகள் அன்று அதிகாலையில் தொகுப்பு முழுவதையும் படித்துச் சரிபார்க்கும். பெரிய வட்டுகள் என்றால் அது பகலிலும் நீளும். எம்டியின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பைத் திறந்தால் எத்தனை சதவீதம் முடிந்தது என்று தெரியும். புதிதாக உருவாக்கிய தொகுப்பும், பாரிட்டியையும் பிரதிகளையும் பொருத்தும் முதல் ஒத்திசைவு முடியும்வரை இப்படித்தான். அது முடியும் முன் அளந்துவிட்டு வருத்தப்படுகிறவர்கள் ஏராளம்.

பிட்மேப் என்பதும் பின்னணியில் இருக்கும். மின்சாரம் போனால் எந்தப் பகுதியை மட்டும் சரிபார்த்தால் போதும் என்ற குறிப்பேடு அது. புதிய பகுதியில் எழுதும் முன் குறிப்பேட்டில் எழுதி, அது வட்டில் பதியும்வரை காத்திருக்க வேண்டும். அதன் பகுதி அளவைப் பெரிதாக்கினால் குறிப்பு எழுதும் வேலை குறையும்.

டேட்டாபேஸ் மட்டும் படுமோசம். தனி ரெய்டு அட்டை வாங்கினால் சரியாகுமா?

இந்த ஓர் இடத்தில் வன்பொருள் அட்டைக்கு உண்மையான மேன்மை உண்டு, பாரிட்டி கணக்கினால் அல்ல. டேட்டாபேஸ் ஒவ்வொரு பரிவர்த்தனையின் முடிவிலும் 'தரவு வட்டில் பதிந்துவிட்டது' என்ற உறுதியைக் கேட்டு நிற்கும். மின்கலப் பாதுகாப்புள்ள கேஷ் கொண்ட அட்டை, தரவு கேஷில் விழுந்ததுமே உறுதி தந்துவிடலாம். சாஃப்ட்வேர் ரெய்டு அப்படிச் சொல்ல முடியாது. எல்லா வட்டுகளும் பதிந்தோம் என்று சொல்லும்வரை காத்திருக்கிறது. அட்டைக்குப் பதிலாக, மின் தடையைத் தாங்கும் கெபாசிட்டர் உள்ள இரண்டு எஸ்எஸ்டிகளை ரெய்டு 1ஆக வைத்து டேட்டாபேஸை அங்கே மாற்றுவதையே நான் பரிந்துரைப்பேன்.

என்விஎம்இ வட்டுகள் (மிக வேகமான எஸ்எஸ்டிகள்) நான்கு. விநாடிக்கு 28 ஜிகாபைட் எதிர்பார்த்தேன், 6 வருகிறது.

இங்கே ஆட்டமே மாறிவிடுகிறது. வட்டு காத்திருக்கவில்லை, வட்டுக்கு வேலை தர ஆளில்லை. ஒற்றை இழையில், பேஜ் கேஷ் (கோப்புத் தரவைக் கர்னல் நினைவகத்தில் வைக்கும் இடம்) வழியாகப் படித்தால், நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகலெடுக்கவே ஒரு கோரின் நேரம் தீர்ந்துவிடும். விநாடிக்குச் சில ஜிகாபைட்டோடு நின்றுவிடும். கேஷைத் தவிர்த்து, பல இழைகளில், ஒவ்வொன்றிலும் பல கோரிக்கைகளை ஒன்றாக வரிசையில் நிறுத்தி அளந்தால் எண் ஏறும். உங்கள் நிரல் அப்படிப் படிக்குமா என்பது வேறு கேள்வி. படிக்காது என்றால் அந்த 28 உங்களுக்கானது அல்ல.

நான் 'டிடி' கட்டளையால் அளந்தேன். தவறா?

தவறாகப் பயன்படுத்துவது சுலபம். பூஜ்யங்களை எழுதினீர்கள், பாதி நினைவகத்திலேயே தங்கியது, 3 ஜிகாபைட் வேகம் என்று மகிழ்ந்தீர்கள். அல்லது கேஷைத் தவிர்க்கும் நேரடி முறையில் 4 கிலோபைட்டாக எழுதினீர்கள், ஒவ்வொன்றும் முடிந்த பிறகே அடுத்தது போனது. எந்த நேரத்திலும் ஒரு வட்டுக்கு மேல் வேலை இல்லை. இரண்டு எண்களும் பொய். ஃபியோ என்ற வேகம் அளக்கும் நிரலை எடுத்து, உங்கள் வேலை எப்படி இருக்குமோ அதே அளவில், அதே எண்ணிக்கையில், நினைவகத்தைவிடப் பெரிய கோப்பில், சில நிமிடங்களாவது ஓட்டுங்கள். எஸ்எஸ்டி என்றால் இன்னும் நீண்ட நேரம், ஏனெனில் அதன் வேகமான முன்பகுதி நிரம்பிய பிறகு வருவதுதான் அதன் சொந்த வேகம்.

வேகத்துக்காக எதையெல்லாம் அணைக்கலாம்?

முதல் ஒத்திசைவைத் தவிர்க்கும் 'அஸ்யூம் க்ளீன்' தேர்வை ரெய்டு 5இல் தொடாதீர்கள். பாரிட்டி உண்மையில் பொருந்தாமல் இருந்தால், அது தெரியவரும் நாள் ஒரு வட்டு செத்த நாளாக இருக்கும். கோப்பு முறைமையின் பேரியரை (தரவு சரியான வரிசையில் வட்டில் பதிவதை உறுதிசெய்யும் ஏற்பாட்டை) அணைத்தால் எண்கள் அழகாகும். மின்சாரம் போன மறுநாள் கோப்புகள் அழகாக இருக்காது. பிட்மேப்பை அளந்து பார்ப்பதற்காகத் தற்காலிகமாக நீக்கலாம், வித்தியாசம் கணிசமாக இருந்தால் பகுதி அளவைப் பெரிதாக்கி மீண்டும் சேர்த்துவிடுங்கள். ஸ்ட்ரைப் கேஷும் முன்படிப்பும் கணினியை மறுதொடக்கம் செய்தால் பழைய நிலைக்குப் போய்விடும். அவற்றை யூடெவ் விதியாக (வட்டு தென்படும்போது லினக்ஸ் தானாகச் செயல்படுத்தும் விதியாக) எழுதிவைக்காமல், அடுத்த மாதம் 'மறுபடி மெதுவாகிவிட்டது' என்று எழுதுகிறவர்கள் தயவுசெய்து முதலில் அதைச் சரிபார்க்கவும்.